பழைய மாருதி ஏசியை ஆர்134ஏ-க்கு மாற்றியவர்கள் உதவுங்கள்

வணக்கம். அப்பா 1992-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் நன்றாக ஓடுகிறது. ஏசி மட்டும் மூன்று வருடமாக வேலை செய்யவில்லை. மதுரை வெயிலில் அம்மாவைப் பகலில் ஏற்றிக்கொண்டு போகவே மனம் வரவில்லை.

அது ஆர்12 என்ற பழைய குளிரூட்டும் கேஸ் காலத்து ஏசி. ஓசோனைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நிறுத்தப்பட்ட கேஸ், இனி அதைத் தேடிப் பயனில்லை. அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ கேஸுக்கு மாற்றப் போகிறேன். "அப்படியே புது கேஸை ஏத்திடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். எனக்குச் சரியாகப் படவில்லை. கம்ப்ரசருக்கு மசகாக உள்ளே இருக்கும் பழைய மினரல் ஆயில் புது கேஸோடு கலக்காது. ஆயில் திரும்பி வராவிட்டால் கம்ப்ரசர் இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும். கேஸ் எப்போதோ கசிந்து தீர்ந்துவிட்டதால் நேற்று ஒரு இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கறுத்து இறுகி, நகம் பட்டாலே உதிர்கிறது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருக்கிறது.

அதனால் ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் எல்லாம் மாற்றி, வேக்யூம் போட்டு உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு, பழைய அளவில் 80-90 சதவீதம் மட்டும் ஏற்றலாம் என்றிருக்கிறேன்.

புது கேஸுக்கு ஆயில் எஸ்டரா, பேக்கா (PAG)? எது போட்டீர்கள்? புது கேஸில் அழுத்தம் கூடுமே, சூட்டை வெளியேற்றும் பழைய கண்டென்சர் போதுமா? சூட்டை இன்னும் நன்றாக வெளியேற்றும் பேரலல் ஃப்ளோ வகைக் கண்டென்சர் இந்த வண்டியில் பொருத்தியவர்கள் இருந்தால் படம் போடுங்கள். அப்புறம், மதுரைப் பக்கம் இதைப் பொறுமையாகச் செய்பவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். சித்திரைக்குள் முடிக்க வேண்டும்.