குடம்புளி மாத்திரையைச் சர்க்கரை மருந்துடன் சேர்த்து எடுக்கலாமா?

குழுவில் உள்ள சித்த மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

என் அக்காவுக்கு வயது 46. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் தைராய்டுக்கு மாத்திரையும் எடுத்து வருகிறார். உடல் எடை கூடிக்கொண்டே போகிறது என்ற கவலையில், இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒரு மூலிகை மாத்திரையை வாங்கியிருக்கிறார். அதன் புட்டியில், குடம்புளிச் சாறு 500 மி.கி., அதில் 60 சதவீதம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், நாளொன்றுக்கு மூன்று மாத்திரை என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

மீன் குழம்பில் இரண்டு துண்டு போடும் குடம்புளியைப் பற்றி எனக்கு எந்த அச்சமும் இல்லை. அதையே செறிவூட்டி, மாதக்கணக்கில் விழுங்குவதுதான் கலக்கமாக இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், இந்த ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தை எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இத்தகைய மாத்திரைகளை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களிலும் பதிவுகள் உள்ளன. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்கிறார் அக்கா. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சொன்னது உணவைத்தானே தவிர, இப்படிப் புட்டியில் அடைத்ததை அல்ல என்பது என் எண்ணம்.

சர்க்கரை, தைராய்டு மருந்துகளோடு இதை எடுத்தால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோக வாய்ப்புண்டா? ஏற்கெனவே சில வாரங்கள் எடுத்துவிட்டதால் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது அவசியமா? திரிபலா, நீர்முள்ளி போன்ற மூலிகை மருந்துகளை முறையாகப் பரிந்துரைக்கும் சித்த மருத்துவர்கள், இத்தகைய நோயாளிகளுக்கு எந்த அளவில், எத்தனை காலத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரம் அக்காவை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். அதற்குள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.