நியூட்ரோபில்லில் ஃபார்மைல் பெப்டைடு பிணைவது தெரியவில்லை – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மனித இரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோபில்களில் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) ஃபார்மைல் பெப்டைடு ஏற்பியை, அதாவது முன்முனையில் ஃபார்மைல் என்ற சிறு வேதித் தொகுதி கொண்ட குறுகிய அமினோ அமிலச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்ளும் செல் மேற்பரப்புப் புரதத்தை, அளக்க முயல்கிறேன். மெத்தியோனின்-லியூசின்-ஃபினைல்அலனின் என்ற வரிசையின் முன்முனையில் ஃபுளோரசீன் சாயத்தை இணைத்துச் செய்த பெப்டைடை 10 நானோமோலார் செறிவில், ஐஸில் அரை மணி நேரம் வைத்து, ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் தனித்தனியே அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்த்தேன். ஒளிர்வு தெரிகிறது. ஆனால் சாயமில்லாத ஃபார்மைல் பெப்டைடை ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்த்த குழாயிலும் அதே ஒளிர்வுதான் வருகிறது; ஏற்பியில் பிணைந்திருந்தால் அது போட்டியில் குறைந்திருக்க வேண்டும். செல்கள் உயிருடன்தான் இருக்கின்றன. பிழை எங்கே?

மறுமொழி 1:
பிழை உங்கள் கையில் இல்லை, பெப்டைடின் வடிவமைப்பில் இருக்கிறது. பாக்டீரியாக்கள் புரதத்தை ஃபார்மைல் மெத்தியோனினில் தொடங்குவதால், நியூட்ரோபில் அந்த ஃபார்மைலையே அந்நியரின் அடையாளமாகக் கொள்கிறது. 1975இல் ஷிஃப்மன் குழுவினர் செயற்கைப் பெப்டைடுகளைக் கொண்டு, வெள்ளை அணுக்கள் இவற்றை நோக்கி ஈர்க்கப்படுவதைக் காட்டினர். பெப்டைடு முன்முனையை முதலில் நுழைத்தபடி ஏற்பியின் குழிக்குள் இறங்குகிறது. அடியில் 106ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலமும், 201, 205ஆம் இடங்களின் ஆர்ஜினின்களும் அந்த முனையைப் பற்றிக்கொள்கின்றன. உங்கள் பெப்டைடில் ஃபார்மைல் இருக்க வேண்டிய இடத்தில் பருத்த சாயம் உட்கார்ந்திருக்கிறது. போட்டிப் பெப்டைடு சேர்த்தும் குறையாத ஒளிர்வு, சாயம் செல்சவ்வில் வெறுமனே ஒட்டியதால் வருவது.

ஃபார்மைல்-நார்லியூசின்-லியூசின்-ஃபினைல்அலனின்-நார்லியூசின்-டைரோசின்-லைசின் என்ற வரிசையை, சாயத்தை லைசினின் பக்கச்சங்கிலியில் இணைத்து வாங்குங்கள். நார்லியூசினில் கந்தகம் இல்லாததால், மெத்தியோனினைப் போல ஆக்சிஜனேற்றத்தால் அது கெடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. புதிய பெப்டைடில், போட்டிக் குழாயின் ஒளிர்வு ஏறத்தாழ வெற்றுச் செல்களின் அளவுக்கே இறங்கிவிட்டது. ஆனால் 37 டிகிரியில் வைத்த குழாயை எத்தனை முறை கழுவினாலும் ஒளிர்வு குறையவில்லை. இதைப் பிணைப்பு என்று எழுதலாமா?

மறுமொழி 2:
எழுதாதீர்கள். அந்த வெப்பநிலையில் பெப்டைடு பிணைந்த ஏற்பி சில நிமிடங்களிலேயே செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. உள்ளே போனதைக் கழுவி எடுக்க முடியாது. அதோடு, சூடேறும்போது செல்லுக்குள்ளிருக்கும் நுண்பைகளில் சேமிக்கப்பட்ட ஏற்பிகள் மேற்பரப்புக்கு வரக்கூடும் என்பதால், எண்ணிக்கையே மாறிவிடும். பிரித்தெடுத்த நேரம் முதல் அளக்கும் வரை செல்களை ஐஸிலேயே வையுங்கள். இன்னொன்று: இவ்வகைப் பெப்டைடு குழாயின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே நானோமோலார் கரைசலை முந்தைய நாளே தயாரித்து வைக்காமல், அன்றன்று, சிறிது ஆல்புமின் கலந்த தாங்கல் கரைசலில் நீர்த்துக்கொள்ளுங்கள்.