புதுப்பிப்பு: படம் முடிந்ததும் யாரும் பேசாத எங்கள் திரைக்குழு

சேலம், ஏற்காடு நண்பர்கள் இணையத்தில் கூடும் எங்கள் குழுவில், வணிகப் பாணியில் இல்லாத மாற்றுப் படங்கள் முடிந்ததும் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்னவர்களுக்கு நன்றி.

முதலில், குறைந்த நேரமே ஓடும் படம் என்று நீங்கள் சொன்ன 'கூழாங்கல்' பார்த்தோம். யாரும் பாதியில் விலகவில்லை. ஆனால் பேச்சும் எழவில்லை. பலன் தந்தது இன்னொருவரின் யோசனை: "பிடித்ததா?" என்பதை விட்டு, "எந்தச் சத்தம் நினைவில் நிற்கிறது?" என்று கேட்பது. அப்புறம் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) பார்த்தபோது அப்படியே கேட்டேன். எதிர்பாராதது என்னவென்றால், படத்தில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் நாயகன் ரங்கசாமியைப் பற்றி அதிகம் பேசியவர், இதுவரை வாய் திறக்காத ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து அக்கா. சுமை, கூலி, சொந்த நிலம் என்று அவர் சொன்னதை நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை.

கேள்வியைப் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், காதைத் தீட்டிக்கொண்டு பார்க்கிறார்கள்.