துரஹள்ளியில் பார்த்த ஆறுபொட்டு தரை வண்டுக்கு ஏன் இரண்டு பெயர்?

கனகபுரா_கார்த்தி

பெங்களூரில் இருக்கும் பூச்சி ஆர்வலர்கள் எல்லோருக்கும் வணக்கம். மே மாத மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை துரஹள்ளிக் காட்டில், பாறைக்கு ஏறும் பாதையில் ஒரு பெரிய கறுப்பு வண்டு குறுக்கே ஓடியது. நான்கு சென்டிமீட்டர் இருக்கும். முதுகில் நான்கு வெள்ளைப் பொட்டு, அதற்கு முன்னால் கழுத்துப் பக்கம் இரண்டு. பறக்கவே இல்லை, ஆனால் ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம், போனை எடுப்பதற்குள் புதருக்குள் போய்விட்டது, கொஞ்ச நேரம் காத்திருந்து வெளியே வந்ததும் படம் எடுத்தேன்.

உயிரினப் படங்களை அடையாளம் காட்டும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டதும் 'ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா' என்று உறுதி செய்துவிட்டார்கள். அப்புறம் இணையத்தில் கிடைக்கும் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினால் இதே ஆறு பொட்டுக்காரனுக்கு 'காராபஸ் செக்ஸ்குட்டாட்டஸ்' என்று போட்டிருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் ஃபாப்ரிசியஸ், 1775 என்றுதான் இருக்கிறது, ஆனால் ஒன்றில் மட்டும் அது அடைப்புக்குறிக்குள். இரண்டும் ஒரே வண்டா? ஒரே வண்டு என்றால் பெயரை மாற்றியது யார், இதற்கு அனுமதி கொடுக்கிற ஆபீஸ் எதாவது இருக்கிறதா?

இன்னொன்று. என் நண்பர் ஹெசரகட்டா புல்வெளியில் அரை விரல்நகம் அளவு பழுப்பு நிறத் தரை வண்டு ஒன்றைப் படம் பிடித்திருக்கிறார். யாராலும் இனம் சொல்ல முடியவில்லை. புது இனமாக இருந்தால் படத்தை வைத்தே பெயர் சூட்டிவிடலாமா?

ஹெப்பாள்_வாசுகி

பெயர் விஷயத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். அடுத்த முறை படம் எடுக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். மிரண்டால் பின்பக்கத்திலிருந்து ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும், கண்ணில் பட்டால் பெரிய அவஸ்தை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர்களும் கவனம்.

ஊசியும்_லேபிளும்

கார்த்தி, இரண்டும் ஒரே வண்டுதான். நான் பூச்சி சேகரிப்பு ஒன்றில் வேலை பார்க்கிறேன், தரை வண்டுப் பெட்டிகளோடுதான் என் பொழுது போகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பேரினம் என்பது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டம், பெயரின் முதல் சொல் அதைக் குறிக்கும், இரண்டாவது சொல் இனப்பெயர். லின்னேயஸ் 1758-ல் காராபஸ் என்ற பேரினத்தை உண்டாக்கியபோது அவருக்குத் தெரிந்த தரை வண்டுகளில் பெரும்பாலானவற்றை அதற்குள்ளேயே போட்டார். அன்றைக்கு அது போதும். அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ் 1775-ல் நம் ஆறுபொட்டு வண்டை விவரித்தபோது அவரும் காராபஸ் என்றே எழுதினார். விவரிப்பு என்றால் அந்தக் காலத்தில் லத்தீனில் சில வரிகள், அவ்வளவுதான். இன்றைக்குத் தரை வண்டுக் குடும்பத்தில் 40,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அத்தனையையும் ஒரே பேரினத்தில் வைத்தால் அந்தப் பெயருக்கு அர்த்தமே இருக்காது. 1801-ல் வெபர் என்பவர் ஆந்தியா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். உடல் பெரியது, பறக்காது, தாடை பலமானது, அமிலம் பீய்ச்சும். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. நம் வண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்று தெரிந்ததும் அங்கே மாற்றினார்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறினாலும் பெண்ணின் பெயர் மாறாது இல்லையா, அந்த மாதிரிதான். பேரினம் மாறும், இனப்பெயர் கூடவே போகும். லத்தீனில் காராபஸ் ஆண்பால், ஆந்தியா பெண்பால், அதனால் கடைசி எழுத்து மட்டும் பாலுக்கு ஏற்ப மாறியிருக்கிறது. விவரித்தவர் முதலில் வைத்த பேரினத்தில் இந்த இனம் இப்போது இல்லை என்பதைக் காட்டத்தான் அடைப்புக்குறி. அதைப் பார்த்தவுடனே இதற்கு இன்னொரு பழைய முகவரி உண்டு என்று தெரிந்துகொள்ளலாம்.

அனுமதி கொடுக்கிற ஆபீஸ் கிடையாது. விலங்கியல் பெயரிடலுக்கு ஒரு சர்வதேச ஆணையம் இருக்கிறது, அதன் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த ஆணையம் பெயர் எப்படி வைக்க வேண்டும், இரண்டு பெயர் மோதினால் எது நிற்கும் என்றுதான் சொல்லும். எந்த வண்டு எந்தப் பேரினம் என்பதில் தலையிடாது. அதை ஆய்வாளர் ஒருவர் ஆதாரத்தோடு வெளியிடுவார், மற்றவர்கள் படித்துவிட்டு ஏற்பார்கள் அல்லது எதிர்த்து எழுதுவார்கள். ஆகவே வகைப்பாடு என்பது ஒரு கருத்து, புது ஆதாரம் வந்தால் மாறத்தான் வேண்டும். மாறக் கூடாத ஒன்று இருக்கிறது, அது வகை மாதிரி. ஒரு பெயர் எந்த வண்டுக்கு உரியது என்ற கேள்விக்குக் கடைசிப் பதில் அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தி வைத்திருக்கும் அந்த ஒரு உடல்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டு வண்டுகளின் பழைய வகை மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் கிடக்கின்றன. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், 1768-ல் அங்கே வந்த கோனிக் என்ற மருத்துவர் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து அனுப்பிக்கொண்டே இருந்தார், ஃபாப்ரிசியஸ் விவரித்த இந்தியப் பூச்சிகளில் பல அப்படிப் போனவை. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல் ஆளாளுக்குப் பெயர் வைத்ததில் ஒரே வண்டுக்குப் பல பெயர் சேர்ந்துவிட்டது. அதை ஒழுங்குபடுத்தியவர் ஹெச். இ. ஆண்ட்ரூஸ். இந்திய வனத்துறையில் வேலை பார்த்தவர், அதன் பிறகு பழைய வகை மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எந்தப் பெயர் எந்த வண்டுக்கு என்று பொருத்தினார். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் அவர் எழுதிய தரை வண்டுத் தொகுதிகள் 1929-லும் 1935-லும் வந்தன. இன்றைக்கும் என் மேசையில் முதலில் திறப்பது அவற்றைத்தான்.

தங்கவயல்_செல்வம்

விளக்கத்துக்கு நன்றி சார். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கே.ஜி.எஃப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளை வாரக் கடைசியில் பூச்சி பார்க்கக் கூட்டிப் போகிறேன். புலி வண்டு தரை வண்டுக் குடும்பத்தில் ஒரு துணைக்குடும்பம் என்று சொல்லிக் கொடுத்து, பிள்ளைகள் அதை நோட்டில் எழுதியும் வைத்த பிறகு, இப்போது அது தனிக் குடும்பம் என்கிறார்கள். இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் சாதாரண ஆட்கள் எதைப் பிடித்துக்கொள்வது?

ஊசியும்_லேபிளும்

செல்வம் அண்ணா, நீங்கள் சொன்ன உதாரணம் நன்றாக விளக்க வேண்டிய ஒன்று. அதே பிரிட்டிஷ் இந்திய வரிசையில் ஃபௌலர் எழுதிய தொகுதி 1912-ல் வந்தது, அதில் புலி வண்டுகள் தனிக் குடும்பம், எறும்புப் புற்றில் வாழும் பாசஸ் வண்டுகளும் தனிக் குடும்பம். பிறகு வந்தவர்கள் உடலமைப்பை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டையும் தரை வண்டுக் குடும்பத்துக்குள் கொண்டு வந்தார்கள். இப்போது டிஎன்ஏ தரவுகளை வைத்து, புலி வண்டுகளைத் தனிக் குடும்பமாகவே கொள்ள வேண்டும் என்று 2020-ல் ஒரு கட்டுரை வந்தது, நிறையப் பேர் ஏற்றுக்கொண்டார்கள், ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் பாசஸ் கூட்டம் உள்ளேயே இருக்கிறது. 1912-ல் ஒரே அட்டைக்குள் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பி வெளியே போனது, மற்றொன்று போகவில்லை. இதைச் சும்மா இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆதாரம் எங்கே கொண்டு போகிறதோ அங்கே போகிறார்கள்.

பிள்ளைகளிடம் இந்தக் கதையையே சொல்லுங்கள். குடும்பம் மாறினாலும் அவர்கள் நோட்டில் எழுதிய இனப்பெயர் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

தங்கவயல்_செல்வம்

1912 விஷயம் எனக்குத் தெரியாது. கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கனகபுரா_கார்த்தி

அருமையான விளக்கம், ரொம்ப நன்றி. ஹெசரகட்டா வண்டைப் பற்றியும் சொல்லுங்களேன். நண்பர் ஆவலாக இருக்கிறார்.

ஊசியும்_லேபிளும்

படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது வேண்டாம். அரை விரல்நகம் அளவு பழுப்புத் தரை வண்டு என்றால் வெளியே பார்த்து இனம் சொல்வது பெரும்பாலும் நடக்காது. கண்ணுக்கு மேலே எத்தனை மயிர், முன்சிறகு வரிகளுக்கு இடையே எங்கெங்கே மயிர்க்குழிகள், முன்கால் முழங்காலுக்குக் கீழே உணர்கொம்பு துடைக்கிற பள்ளம் எப்படி இருக்கிறது, இதெல்லாம் நுண்ணோக்கியில்தான் தெரியும். அதுவும் பேரினம் வரைக்கும்தான். இனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு.

அது எப்படி என்று ஒருமுறை பார்த்தால் படம் ஏன் போதாது என்று விளங்கிவிடும். காய்ந்த வண்டை வெந்நீரில் போட்டு இளக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் ஒடிந்துவிடும். முதலில் முன்கால் பாதத்தைப் பார்க்கிறோம், பல தரை வண்டுகளில் ஆணுக்கு அது அகலமாக, அடியில் ஒட்டுமயிரோடு இருக்கும். ஆண்தான் என்று தெரிந்ததும் வயிற்று நுனி வழியாக, முனை வளைத்த மெல்லிய ஊசியை விட்டு உறுப்பை வெளியே இழுக்கிறோம். பழுப்பு நிறத்தில் வளைந்த ஒரு சின்னக் குழாய், இந்த அளவு வண்டில் ஒரு மில்லிமீட்டர் தேறினால் அதிகம். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் வைத்தால் சதை கரைந்து குழாய் மட்டும் மிஞ்சும். நுனி எப்படி வளைந்திருக்கிறது, உள்ளே இருக்கும் பையில் முள் எங்கே இருக்கிறது என்று பார்த்து, படம் வரைந்து, பக்கத்து இனங்களோடு ஒப்பிட வேண்டும். கடைசியில் அதை ஒரு துண்டு அட்டையில் ஒட்டி அதே வண்டின் ஊசியில் கீழே குத்தி வைக்கிறோம். வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு வண்டுகள் இந்த ஒரு மில்லிமீட்டரில் வேறு வேறு என்று தெரியும்போது உடம்பு சிலிர்க்கும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அப்படித்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எழுத்து. ஒரு உடலை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்குரிய வகை மாதிரி, என்று குறிப்பிட்டு (வழக்கப்படி சிவப்பு லேபிளும் குத்துவோம்), எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று கட்டுரையிலேயே சொல்ல வேண்டும், இப்போதைய விதிகளில் இது இல்லாமல் புது இனப்பெயர் செல்லாது. நம் நாட்டில் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி புது இனத்தின் மாதிரியை அரசு குறிப்பிட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்கவும் வேண்டும், கொல்கத்தாவில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அப்படி ஒன்று. உங்கள் நண்பர் நினைத்தவுடனே வண்டைப் பிடித்து டப்பாவில் போட்டுவிட வேண்டாம், காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் சேகரிக்கக் கூடாது. தேதி, இடம், கல்லுக்கு அடியிலா விளக்கு வெளிச்சத்திலா என்ற விவரத்தோடு படத்தைப் பதிவேற்றி, ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள மையம், ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் தரை வண்டு பார்ப்பவர்களுக்கு எழுதிக் கேட்கட்டும். புது இனம் பல சமயம் ஊசியில் குத்தி வருஷக்கணக்காகப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், யாராவது வந்து பார்க்கும் வரைக்கும் பெயர் இல்லாமல்.

ஹெப்பாள்_வாசுகி

எனக்கு ஒரு சந்தேகம். புதுப் பெயர் வைக்கிறவர் யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாமா? பிறகு அது சரியில்லை என்று தோன்றினால் மாற்ற முடியாதா?

ஊசியும்_லேபிளும்

வைக்கலாம். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை மட்டும் யாரும் செய்வதில்லை, மரியாதை இல்லை என்று கருதுவார்கள். மாற்றுவது மிகக் கடினம். ஸ்லோவேனியக் குகையில் வாழும் கண்ணில்லாத தரை வண்டு ஒன்றுக்கு 1937-ல் ஷைபெல் என்பவர் ஹிட்லரின் பெயரை வைத்தார், அனோஃப்தால்மஸ் ஹிட்லெரி. அந்தப் பெயர் இன்றும் செல்லும். விதிப்படி வெளியான பெயரை நெறிமுறைக் காரணத்துக்காக நீக்குவது தன் வேலை இல்லை என்று ஆணையம் சார்பில் 2023-ல் எழுதினார்கள். அந்தப் பெயருக்காகவே காசு கொடுத்து வாங்க ஆட்கள் இருப்பதால் அந்த வண்டைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆணையத்தின் முடிவு எனக்குச் சம்மதம் இல்லை. ஒரு பெயரால் ஒரு இனத்துக்கே ஆபத்து வருகிறது என்றால் அதற்கு ஒரு வழி விதியில் இருக்கத்தான் வேண்டும்.

தங்கவயல்_செல்வம்

கடைசியாக ஒன்று கேட்கிறேன் சார். பழைய புத்தகத்தில் இருக்கும் பெயருக்கு இப்போதைய பெயரைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டா?

ஊசியும்_லேபிளும்

பேரினத்தை விட்டுவிட்டு இனப்பெயர், விவரித்தவர், வருஷம், இந்த மூன்றை மட்டும் சேர்த்துத் தேடுங்கள். இனப்பெயரின் கடைசி எழுத்துகளை விட்டுவிடுங்கள், பால் மாறியிருக்கலாம். 'செக்ஸ்குட்டாட்' ஃபாப்ரிசியஸ் 1775 என்று போட்டால் நம் வண்டு நேராக வந்து நிற்கும். அப்படியும் வரவில்லை என்றால் வேறொரு பெயரோடு இணைத்திருப்பார்கள், ஆண்ட்ரூஸ் தொகுதியில் அந்த இனம் இருந்தால் அதற்குக் கீழே பழைய பெயர்களை வரிசையாகக் கொடுத்திருப்பார், அங்கே பாருங்கள்.