கோல்ஃப் விளையாட்டா, பொழுதுபோக்கா? டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வர்த்திலிருந்து:

பொங்கலன்று மச்சானோடு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் வாரம் தவறாமல் கோல்ஃப் ஆடுகிறவர். வண்டியில் உட்கார்ந்து போய், இறங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி வண்டியில் ஏறுவதெல்லாம் விளையாட்டா என்று கேட்டேன். அக்காவே சிரித்துவிட்டாள். 1904-க்குப் பிறகு 2016-ல் ஒலிம்பிக்கில் திரும்பச் சேர்த்தார்களே என்றார் மச்சான். சேர்த்தார்கள், சரி. ஆனால் நம்ம தென்னாப்பிரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர்கள் ஊஸ்ட்ஹெய்சனும் ஷ்வார்ட்ஸலும் கிரேஸும் அந்த ரியோ ஒலிம்பிக்குக்கு வரவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்களே? ஓடுகிறவன் எவனாவது ஒலிம்பிக்கை அவ்வளவு லேசாக விடுவானா? இன்னொன்று: கால் நோயால் நடக்க முடியாத கேசி மார்ட்டின் வண்டியில் போய் ஆடலாம் என்று 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. நடப்பது இந்த ஆட்டத்துக்கு அடிப்படை இல்லையாம். அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? மைதானத்துப் பக்கம் போனவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

ரிசர்வாயர் ஹில்ஸிலிருந்து:

தம்பி, என் அப்பா கோல்ஃப் மைதானத்தில் கேடி, அதாவது ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிப்போகிறவர். வெள்ளைக்காரர்களின் பையைத் தூக்கித்தான் எங்களைப் படிக்க வைத்தார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பையில் 14 மட்டை வரை இருக்கும், அதோடு குடை, பந்து, தண்ணீர். அரிசி மூட்டை மாதிரி கனக்கும். வார் அழுந்தி அழுந்தி அப்பாவின் வலது தோளில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. ஈரத் துண்டை மடித்து வாருக்கு அடியில் வைத்துக்கொள்வார். மணல்மேடு ஏறி இறங்கி நாலைந்து மணி நேரம். பிப்ரவரிப் புழுக்கத்தில் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது கனம் இல்லை, அவருடைய கண். குழி அருகே வந்ததும் குந்தி உட்கார்ந்து புல்லைப் பார்ப்பார். புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தரை எங்கே வழிகிறது என்று கணக்குப் போட்டு, "இரண்டு விரல்கடை இடது பக்கம், ஐயா" என்பார். அப்படியே தட்டினால் பந்து உள்ளே போகும். கைதட்டல் ஐயாவுக்கு.

நம்ம டர்பன் இந்திய ஆட்டக்காரர் பாப்வா ஸீகோலம் பெயரைச் சொன்னால்தான் அப்பாவின் முகம் மலரும். அவரும் கேடியாக இருந்து வந்தவர்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பழகியது. வலது கைக்காரர்கள் வலது கையைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள், அவர் இடது கையைக் கீழே வைத்துப் பிடித்தார். இன்றைக்கு எந்த வாத்தியாரிடம் காட்டினாலும் முதலில் பிடியை மாற்று என்பார். அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964 மூன்று வருடமும் டச்சு ஓப்பனை ஜெயித்தார். முதலில் அவரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனவர் கிரஹாம் வுல்ஃப், ஆயில் ஆஃப் ஓலே கண்டுபிடித்தவர். அக்காமார் முகத்துக்குப் பூசுவார்களே, அதேதான்.

1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன். பாப்வா ஜெயித்தார். நிறவெறிக் காலம், கிளப் கட்டடத்துக்குள் இந்தியர் நுழையக் கூடாது. வெள்ளைக்காரர்கள் உள்ளே இருக்க, வெளியே மழையில் நிறுத்தித்தான் அவரிடம் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965-ல் அதே போட்டியில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதே வருடம் அமெரிக்க ஓப்பனையும் வென்று நான்கு பெரிய பட்டங்களையும் முடித்த பிளேயர். அடுத்தாற்போல் அரசாங்கம் பாப்வாவுக்குப் பெரிய போட்டிகளின் கதவைச் சாத்தியது. வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் ஒரு அரசாங்கம் இவ்வளவு பயந்திருக்குமா? எங்கள் வீட்டுக்குக் கிட்டே உள்ள மைதானத்துக்கு இப்போது அவர் பெயர்தான். நீங்கள் வண்டியைப் பார்த்துப் பேசுகிறீர்கள் தம்பி. பை யார் தோளில் இருந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து:

நான் பிசியோதெரபிஸ்ட். கோல்ஃப் ஆடி வருகிறவர்களுக்கு எப்போதும் இரண்டு இடம்: கீழ் முதுகு, இல்லாவிட்டால் முழங்கையின் உள்பக்கம். இடுப்பை ஒரு பக்கமும் தோளை மறுபக்கமும் முறுக்கி ஒரே நொடியில் விடுகிறார்கள். பெரிய ஆட்டக்காரர்களின் மட்டைத்தலை மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டும். மட்டை பந்தைத் தொடுவது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். முதுகு வலியோடு வந்த ஒரு அங்கிள், "நான் சும்மா நடந்துட்டு வர்றேம்மா" என்றார். கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லி வலது பக்கத் தசையைத் தொட்டேன், கல்லாக இருந்தது. சும்மா நடந்தால் ஒரு பக்கம் மட்டும் இப்படி இறுகாது. கேரி பிளேயர் அந்தக் காலத்திலேயே எடை தூக்கிப் பயிற்சி செய்தார். கோல்ஃபுக்கு அது ஆகாது என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

மரிட்ஸ்பர்க்கிலிருந்து:

பெரியவர் சொன்னது மனதைத் தொட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் வேர்த்து விறுவிறுத்தவர் கேடி, ஆடினவர் இல்லை. நான் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் பந்தயம் ஓடுகிறவன். டர்பனுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த வழியில் பாலி ஷார்ட்ஸ் என்ற ஏற்றத்தில் காலை இழுத்துக்கொண்டு போகிறவனிடம் வந்து கோல்ஃபும் விளையாட்டுதான் என்று சொல்லிப் பாருங்கள். முதுகு வலிப்பதெல்லாம் ஒரு சாட்சியா தங்கச்சி? துணி துவைத்தாலும் முதுகு வலிக்கும். பாப்வா பெரிய திறமைசாலி. திறமை வேறு, விளையாட்டு வேறு.

ஃபீனிக்ஸிலிருந்து:

அப்படியானால் துப்பாக்கி சுடுதலையும் வில்வித்தையையும் ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிடலாமா அண்ணா? டோக்கியோவில் கோல்ஃப் கடைசி நாளில் 61 தட்டுகளிலேயே ஆட்டத்தை முடித்து வெள்ளி வாங்கிய ரோரி சபாட்டினி டர்பனில் பிறந்தவர், ஆடியது ஸ்லோவாக்கியாவுக்கு. கோட்டை விட்டது நாம்தான்.

மவுன்ட் எட்ஜ்கோம்பிலிருந்து:

நீங்கள் விளையாட்டா இல்லையா என்று அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டிய தோட்டத்தில் இன்றைக்கு கோல்ஃப் எஸ்டேட். கோயிலுக்குக் காவடி எடுக்கப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று தெரியும். உள்ளே போகக் காவலாளியிடம் பெயர் எழுத வேண்டும். என்னைக் கேட்டால் அது விளையாட்டுதான், ஆனால் முதலில் பணம் கட்டின பிறகு. மட்டை, பந்து, சப்பாத்து, உள்ளே போகிற கட்டணம் என்று கூட்டிப் பார்த்தால் என் பையனுக்குக் கால்பந்தே போதும் என்று தோன்றும்.

அவன் கேட்டால்தானே? வேலியோரம் கிக்குயு புல்லில் புதைந்து கிடக்கும் பந்தையெல்லாம் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் குழிகுழியாகத் தேய்த்து, முட்டை அட்டையில் அடுக்கி சனிக்கிழமை ரோட்டோரம் விற்கிறான். தொலைத்தவர்களே காரை நிறுத்தி வாங்கிப் போகிறார்கள். குரங்கு தூக்கிப்போய்க் கடித்துப் போட்ட பந்துக்கு மட்டும் பாதி விலை.