சத்தமில்லாமல் ஜெபிக்க ஓர் இடம் தேவை

சோமனூரில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரன் நான். தறிக் கடன், ஏறாத கூலி என்று ஆடி மாதத்திலிருந்து மனம் ஓயவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தறியை நிறுத்திய பிறகும் நாடா ஓடும் சத்தம் காதில் அடிக்கிறது.

மருத்துவரைப் பார்த்தாயிற்று, இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் சரியாகவே இருக்கின்றன. உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் எல்லாவற்றுக்கும் போனேன். அங்கும் ஒலிபெருக்கிதான்!

பாரம் சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாக மத்தேயு 11:28இல் இயேசு சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளவும் சொல்கிறார். இதை உட்கார்ந்து தியானிக்க அமைதி வேண்டும்.

சபை எதுவானாலும் சரி. பல்லடம், சூலூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில், வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக அமர்ந்து ஜெபிக்கத் திறந்திருக்கும் ஆலயம் எது?