புதுப்பிப்பு: ஆர்டர் அட்டவணையில் இருந்த 'நல்' மதிப்புகள்

டெலிவரி தேதி, ரத்தான தேதி, ரத்துக்கான காரணம் என்ற மூன்று நெடுவரிசைகளிலும் பெரும்பாலும் 'நல்' (NULL, மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) தான் இருக்கிறது, அப்படியே விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு ஆகிவிட்டது.

ரத்து விவரங்கள் தனி அட்டவணைக்குப் போய்விட்டன. ஆர்டர் ஐடியே அங்கே பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது). ரத்தானால்தான் வரி இருக்கும். இருந்தால் தேதி, காரணம் இரண்டு நெடுவரிசையும் நிரம்பியிருக்க வேண்டும். லெஃப்ட் ஜாயின் (எல்லா ஆர்டர்களையும் வைத்துக்கொண்டு ரத்து அட்டவணையை இணைப்பது) போட்டால் 'நல்' திரும்ப வரத்தான் செய்யும், ஆனால் அங்கே அதற்கு 'ரத்தாகவில்லை' என்ற ஒரே பொருள்தான்.

டெலிவரி தேதி 'நல்' ஏற்கும் நெடுவரிசையாகவே தொடர்கிறது. அது இன்னும் நடக்காத விஷயம், அவ்வளவுதான். 'நல்'லுக்குப் பதிலாக 9999-12-31 போடச் சொன்ன யோசனையை எடுக்கவில்லை. சராசரி டெலிவரி நாள் கணக்கில் அந்தப் போலித் தேதி புகுந்தால் அறிக்கையே நாசம்.

அப்புறம், விடை காலியாகவே வந்துகொண்டிருந்த ஒரு வினவல் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி). 'நாட் இன்' (NOT IN, பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்பது) உள்ளே இருந்த துணை வினவல் ஒரே ஒரு 'நல்' தந்தாலும் போதும்: ஒப்பீடு உண்மையும் இல்லை பொய்யும் இல்லை, 'தெரியாது' என்றாகிவிடும். வரிகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) அதைத் தள்ளிவிடும். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (NOT EXISTS, பொருந்தும் வரி இல்லையா என்று மட்டும் பார்ப்பது) ஆக மாற்றியதும் சரியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பதிவாகும் மதிப்பைச் சோதிக்கும் 'செக்' (CHECK) கட்டுப்பாடு அதே 'தெரியாது' வந்தால் வழிவிட்டுவிடும்!

யூனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு) உள்ள நெடுவரிசையில் பல 'நல்' வரலாமா என்று கேட்டவருக்கு: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாகப் பல 'நல்'களை அனுமதிக்கும், எஸ்கியூஎல் சர்வர் ஒன்றைத்தான். போஸ்ட்கிரெஸ் 15 முதல் 'நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்' என்று சேர்த்து அதையும் ஒன்றோடு நிறுத்தலாம்.